‘இதை டாக்டர்கிட்ட சொல்லலாமா?’ - மருந்துக்கும் வழக்குக்கும் நடுவே கஞ்சா... தாம்பரத்தில் காத்திருக்கும் ஆய்வு!

தாம்பரம் ரயில் நிலையம். ஒடிசா, ஆந்திரா பக்கமிருந்து வரும் ரயில்களில் சீட்டுக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடக்கும் பை. போலீஸார் பிரித்தால் பிரவுன் டேப் சுற்றிய பொட்டலங்கள். மறுநாள் பேப்பரில் ‘கஞ்சா பறிமுதல்’. தென்சென்னைப் புறநகரில் இருப்பவர்களுக்கு இது படித்துப் படித்துப் பழகிப்போன செய்தி.

அதே தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறி, அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்குங்கள். தாம்பரம் சானடோரியம். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005 செப்டம்பர் 3-ம் தேதி அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர். இங்கே எம்.டி. படிக்கும் சித்த மருத்துவர்களுக்கு, ரயிலில் பிடிபட்ட அந்தச் செடி ஒரு பாடம். குணபாடத்தில் மூலிகை, நஞ்சு மருத்துவத்தில் நஞ்சு. ‘சிவமூலி’, ‘கோரக்கர் மூலி’ என்று அதற்கு வேறு பெயர்களும் உண்டு.

ஒரே செடி. ஒரு ஸ்டேஷனில் குற்றம், அடுத்த ஸ்டேஷனில் பாடம். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழிப்பது யார் தெரியுமா? நோயாளியும், அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டரும்தான்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குரோம்பேட்டையிலோ மேடவாக்கத்திலோ, எங்கேயோ ஒரு வீடு. அம்மாவுக்குப் புற்றுநோய். கீமோ முடிந்து வந்தால் இரண்டு நாள் வாந்தி, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், ராத்திரித் தூக்கம் இல்லை. கனடாவில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புகிறார். ‘இங்க இதை மருந்தாவே கொடுக்கிறாங்க.’ மகள் போனில் தேடுகிறார். கஞ்சா இலைச் சாற்றில் தயாரித்த எண்ணெய், ஆயுர்வேத உரிமத்தோடு, வீடியோ காலில் ஆலோசனையோடு ஆன்லைனில் கிடைக்கிறது. குப்பி வீட்டுக்கு வந்துவிடுகிறது. அடுத்த கீமோவுக்குப் போகும்போது அம்மா கேட்கிறார்: “இதை டாக்டர்கிட்ட சொல்லலாமா?”

பெரும்பாலும் சொல்வதில்லை. சொன்னால் திட்டுவாரோ, போலீஸுக்குப் போய்விடுமோ என்ற பயம். சரி, சொன்னால் மட்டும் டாக்டரிடம் பதில் இருக்கிறதா?

மருத்துவக் கல்லூரியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்?

எம்.பி.பி.எஸ். மாணவர் கஞ்சாவைச் சந்திப்பது முக்கியமாக இரண்டு இடங்களில். தடயவியல் வகுப்பில் நஞ்சாக, மனநல வகுப்பில் அடிமைப் பழக்கமாக. மருந்தியல் புத்தகத்தில் வாந்தியைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் வரும் பக்கத்தில் ஓரிரு வரிகள் இருக்கலாம். நோயாளி ஒருவர் மருந்தாக நினைத்து இதை எடுத்துக்கொண்டு வந்தால் என்ன கேட்பது, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு இது எப்படி மோதும், எவ்வளவு நாளில் நிறுத்தச் சொல்வது... இதற்கெல்லாம் வகுப்பு கிடையாது.

நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாகாணங்களில் மருத்துவக் கஞ்சா சட்டபூர்வமான பிறகு, செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மருத்துவக் கல்லூரி டீன்களிடமும் பயிற்சி டாக்டர்களிடமும் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். 2017-ல் முடிவுகள் வந்தன. ‘எங்கள் மாணவர்கள் இதைப் பரிந்துரைக்கத் துளியும் தயாராக இல்லை’ என்று மூன்றில் இரண்டு பங்கு டீன்களே ஒப்புக்கொண்டார்கள். பயிற்சி டாக்டர்களில் 84.9 சதவிகிதம் பேர், படிப்பிலோ பயிற்சியிலோ இது பற்றி எதுவுமே சொல்லித்தரப்படவில்லை என்றார்கள். பரிந்துரைப்பதை விடுங்கள், நோயாளி கேட்கும் சாதாரணக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடத் தயாரில்லை என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சட்டம் கதவைத் திறந்துவிட்டது, டாக்டருக்கு யாரும் சாவி கொடுக்கவில்லை.

இந்தியாவில் இதேபோன்ற கதை ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கிறது. கஞ்சாவில் இல்லை, மார்ஃபினில். 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. மருத்துவப் பயன்பாட்டுக்கு அதிலேயே விலக்கு இருந்தும், உரிமச் சிக்கலுக்கும் தண்டனைக்கும் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே நிறுத்தின. அடுத்த 10, 12 ஆண்டுகளில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 90 சதவிகிதத்துக்கும் மேல் சரிந்தது. வலியில் துடித்த புற்றுநோயாளிகளின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 2014-ல் சட்டத்தைத் திருத்தி விதிகளை எளிதாக்கினார்கள். ஆனால் ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் எழுதிப் பழகாமலேயே வளர்ந்துவிட்டார்கள். சட்டத்தை ஒரே நாளில் திருத்தலாம், கை பழகுவதற்கு வருஷக்கணக்கில் ஆகும். கஞ்சா விஷயத்தில் பயிற்சியை முதலில் பேச வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

சட்டம் என்னதான் சொல்கிறது?

இதில்தான் குழப்பமே. 1985 சட்டப்படி ‘கஞ்சா’ என்றால் செடியின் பூ, காய் பிடித்த நுனிப் பகுதி. நுனி சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் உரிமம் பெற்ற பாங் கடைகள் பகிரங்கமாக நடக்கின்றன. இலையை என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி. ஆன்லைனில் ‘விஜயா’ என்ற ஆயுர்வேதப் பெயரில் வரும் எண்ணெய்களும் மாத்திரைகளும் இந்த இலை என்ற சந்தின் வழியாகத்தான் வருகின்றன.

அதே சட்டத்தின் 8-வது பிரிவு, மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும், உரிய அனுமதியோடு பயன்படுத்துவதற்கு இடம் வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்ட விதிகளில் ‘ஈ-1’ என்றொரு பட்டியல் உண்டு. இந்திய மருத்துவ முறைகளில் பயன்படும் நச்சுத்தன்மையுள்ள பொருள்களின் பட்டியல் அது. சித்த மருத்துவப் பகுதியில் சேராங்கொட்டை, எட்டி, நேர்வாளம், அபினி வரிசையில் கஞ்சாவும் இருக்கிறது. இவை சேர்ந்த, உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தின் லேபிளில் ‘மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்’ என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும்.

ஆக, சித்த மருத்துவத்தில் கஞ்சா தடை செய்யப்பட்ட பொருள் அல்ல, கட்டுப்படுத்தப்பட்ட பொருள். தெருவில் வாங்கினால் கதையே வேறு. ஒரு கிலோ வரையிலான ‘சிறிய அளவு’ வைத்திருந்தாலே ஓர் ஆண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 ஆண்டு. ‘அம்மாவோட வலிக்காகத்தான் வாங்கினேன்’ என்பது அங்கே எடுபடாது.

வெளிநாட்டு மகன்களும் மகள்களும் கவனிக்க வேண்டிய ஒன்று. டொரன்டோவிலோ பாங்காக்கிலோ பில் போட்டு வாங்கிய பொருள் என்பது மீனம்பாக்கத்தில் சுங்கத் துறையிடம் பதிலாகாது. சென்னை விமான நிலையத்தில் பாங்காக் விமானங்களில் பிடிபடும் ‘ஹைட்ரோபோனிக்’ கஞ்சா செய்திகளைப் பார்க்கிறோம்தானே. எண்ணெய்க் குப்பியில் போதை தரும் பொருள் கொஞ்சம் இருந்தாலும் சிக்கல்தான். தாய்லாந்தே 2022 ஜூனில் தாராளமாகத் திறந்துவிட்டு, 2025 ஜூனில் ‘இனி டாக்டர் சீட்டு வேண்டும்’ என்று பின்வாங்கியிருக்கிறது.

40 நாள் குழந்தையும் கல்கத்தா டாக்டரும்

மேற்கத்திய மருத்துவத்துக்குக் கஞ்சாவை அறிமுகப்படுத்தியதே இந்தியாதான். 1839-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வில்லியம் புரூக் ஓஷானஸி என்ற அயர்லாந்துக்காரர், முதலில் விலங்குகளுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் கஞ்சா கொடுத்துப் பார்த்து எழுதி வைத்தார். வாத வலி, காலரா, ரண ஜன்னி என்று பலவற்றுக்கும் முயன்றார். அவர் பதிவு செய்ததில் ஒரு குழந்தையின் கதை வருகிறது. பிறந்து 40 நாளே ஆன பெண் குழந்தை. ஓயாத வலிப்பு. மற்ற வைத்தியங்கள் கைவிட்ட பிறகு, ஓஷானஸி கஞ்சா டிஞ்சரைச் சொட்டுக் கணக்கில் கொடுக்கிறார். ஒரே அளவு நிலைக்கவில்லை, சொட்டுகளைக் கூட்ட வேண்டியிருந்தது. கடைசியில் குழந்தை பிழைத்தது.

அந்தச் சரக்கு பிறகு ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்குப் போனது. ஆனால் நீடிக்கவில்லை. ஒரு பாட்டிலில் இருக்கும் வீரியம் அடுத்த பாட்டிலில் இல்லை. தண்ணீரில் கரையாததால் ஊசியில் ஏற்ற முடியவில்லை. மார்ஃபின் ஊசியும் ஆஸ்பிரினும் வந்ததும் இது ஓரங்கட்டப்பட்டது.

ஏறக்குறைய 180 ஆண்டுகள் கழித்து, 2018 ஜூன் 25-ம் தேதி, கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்திகரித்த சி.பி.டி. என்ற வேதிப்பொருளைக் குழந்தைகளின் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு மருந்தாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. ஓஷானஸி சொட்டுச் சொட்டாகத் தடுமாறிய அதே வலிப்பு!

நடுவில் என்ன நடந்தது? ஆராய்ச்சி. 1964-ல் இஸ்ரேல் விஞ்ஞானி ரஃபேல் மெக்கூலமின் குழு, போதைக்குக் காரணமான டி.எச்.சி.யைப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தது. கஞ்சாவிலிருந்து வரும் பொருள் ஒட்டிக்கொள்ள நம் மூளையிலேயே இடங்கள் இருப்பது பிறகு தெரியவந்தது. 1992-ல், உடலே சுரக்கும் ஒரு வேதிப்பொருள் அந்த இடங்களில் ஒட்டுவதைக் கண்டார்கள். அதற்கு வைத்த பெயர் ‘ஆனந்தமைடு’. ஆமாம், நம் ‘ஆனந்தம்’தான்! பெயர் மட்டும் இங்கிருந்து போனது, ஆராய்ச்சி அங்கே நடந்தது என்பதில் சின்ன வருத்தம் வரத்தான் செய்கிறது.

டிராவெட் என்ற வலிப்பு நோய் உள்ள 120 குழந்தைகள், இளைஞர்களிடம் நடந்த சோதனையில், சி.பி.டி. எடுத்தவர்களுக்கு மாதம் சுமார் 12 ஆக இருந்த வலிப்பு 6 ஆகக் குறைந்தது. வெற்று மருந்து எடுத்தவர்களுக்கு 15-லிருந்து 14. நல்ல பலன்தான், ஆனால் அற்புதம் இல்லை. எல்லோருக்கும் நிற்கவில்லை. சிலருக்கு ஈரல் என்சைம்கள் உயர்ந்தன. அதுவும் வால்புரோயேட் என்ற வலிப்பு மாத்திரையோடு சேர்ந்தபோது அதிகமாக.

இங்கே ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். அந்த மருந்தின் வழக்கமான டோஸ், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். 20 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிகிராம். இப்போது ஆன்லைன் குப்பியின் லேபிளைப் பாருங்கள். மொத்தக் குப்பியிலும் எத்தனை மில்லிகிராம்? அதில் நிஜமாகவே அவ்வளவு இருக்கிறதா? 2017-ல் அமெரிக்காவில் ஆன்லைனில் வாங்கிய 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்தபோது, லேபிளும் சரக்கும் பொருந்தியது 26-ல் மட்டும். 18-ல், டி.எச்.சி.யும் கலந்திருந்தது. ஓஷானஸியின் பிரச்னை இன்னும் தீரவில்லை.

டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி

கஞ்சா பற்றி டாக்டர்களுக்குப் பயிற்சி என்றதும், எப்படி எழுதிக்கொடுப்பது என்று கற்றுத்தருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது கடைசிப் பாடம். முதல் பாடம், எப்படிக் கேட்பது என்பது.

“கஞ்சா அடிப்பியா?” என்று கேட்டால் எந்த நோயாளியும் ஆமாம் என்று சொல்லப்போவதில்லை. “மாத்திரை தவிர லேகியம், சூரணம், எண்ணெய், ஆன்லைன்ல வாங்கினது ஏதாவது எடுத்துக்கிறீங்களாம்மா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, சேர்த்துப் பார்த்தாதான் மருந்து எழுத முடியும்” என்றால் பை திறக்கும், குப்பி வெளியே வரும். ஒரு வாக்கியத்தில் இருக்கும் இந்த வித்தியாசத்தைத்தான் வகுப்பில் நடித்துக் காட்டிப் பழக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, மருந்துகளின் மோதல். சானடோரியம் என்ற ஊர்ப் பெயரே வந்த இடத்தை எடுத்துக்கொள்வோம். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த மருத்துவமனை, இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய் சிகிச்சையின் முதுகெலும்பு ரிஃபாம்பிசின் மாத்திரை. ஈரலின் என்சைம்களைத் தூண்டிவிட்டு, டி.எச்.சி., சி.பி.டி. இரண்டின் அளவையும் ரத்தத்தில் கணிசமாகக் குறைத்துவிடக் கூடியது அது. எண்ணெய் வேலை செய்யவில்லை என்று நோயாளி சொட்டுகளைக் கூட்டிக்கொண்டே போவார். ஆறு மாதம் கழித்து ரிஃபாம்பிசின் நிற்கும். அப்போது அதே சொட்டுகள் தூக்கி அடிக்கும். போதாததற்கு, காசநோய் மாத்திரைகள் ஈரலைத் தொல்லை செய்யக் கூடியவை. சி.பி.டி.யும் அதையே செய்யக் கூடியது. நுரையீரல் ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும்போது புகைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதே மருத்துவமனை 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக் கவனித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்குச் செயற்கை டி.எச்.சி. மாத்திரையை அமெரிக்கா அனுமதித்திருந்தது. 

வயதானவர்கள் வீட்டில் இருந்தால் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். சி.பி.டி. சேர்ந்தால் அதன் வேகம் கூடி ரத்தக்கசிவு வரை போகலாம்.

மூன்றாவது, வாந்தி. கீமோ வாந்திக்கு மருந்தாகும் அதே பொருள், நீண்ட நாள் தினமும் புகைப்பவர்களில் சிலருக்கு நிற்காத வாந்தியைக் கொண்டுவரும். 2004-ல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் இதை முதலில் விவரித்தார்கள். அடையாளம் விசித்திரமானது. வெந்நீரில் குளித்தால் மட்டும் குமட்டல் அடங்கும். அதனால் மணிக்கணக்கில் பாத்ரூமிலேயே கிடப்பார்கள். ராத்திரி எமர்ஜென்சிக்கு வந்த 20 வயது இளைஞரிடம் ‘வெந்நீரில் குளித்தால் சரியாகிறதா?’ என்று கேட்கத் தெரிந்திருந்தால், ஸ்கேனுக்கும் எண்டோஸ்கோப்பிக்கும் அலைய வேண்டியிருக்காது. 

மனநலம் இன்னும் பெரிய விஷயம். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வின்படி, வீரியம் அதிகமான கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துபவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் தொடங்கும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று கேட்காமல், ‘மூலிகைதானே, சாப்பிடுங்க’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அது அலோபதியாக இருந்தாலும் சித்தமாக இருந்தாலும்.

இது ஏதோ நாலு பேர் விவகாரமும் அல்ல. டெல்லி எய்ம்ஸ் நடத்தி மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்புப்படி, முந்தைய ஓர் ஆண்டில் ஏதோ ஒரு வடிவில் கஞ்சா பயன்படுத்திய இந்தியர்கள் சுமார் 3.1 கோடி. உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 72 லட்சம்.

தாம்பரத்தால் மட்டுமே முடியும் ஆராய்ச்சி

‘எது எதற்குக் கேட்கிறது?’ என்ற கேள்விக்கு உலகம் ஓரளவு பதில் வைத்திருக்கிறது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமிகள் வெளியிட்ட பெரிய அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோ வாந்தி, ‘மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ்’ நோயில் வரும் தசை இறுக்கம் ஆகிய மூன்றுக்கும் கணிசமான ஆதாரம் உண்டு என்றது. புற்றுநோயையே குணமாக்கும் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. வாட்ஸ்அப்பில் மட்டும்தான் இருக்கிறது. ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையம் 2020 டிசம்பர் 2-ம் தேதி, மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது. 27 நாடுகள் ஆதரவு, 25 எதிர்ப்பு. ஆதரித்து வாக்களித்தவர்களில் இந்தியாவும் உண்டு. ஜம்முவில் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் அனுமதியோடு செடி வளர்த்தே ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

ஆனால், எந்த வெளிநாட்டு ஆய்வகமும் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. சித்த மருத்துவத்தில் கஞ்சாவை அப்படியே கொடுப்பதில்லை. ‘சுத்தி’ செய்ய வேண்டும். கழுவுவது, ஊறவைப்பது, உலர்த்துவது, வறுப்பது என்று நூலுக்கு நூல் முறைகள் உண்டு. பிறகு சூரணமாகவோ லேகியமாகவோ செய்து, பால், நெய் போன்ற அனுபானத்தோடு கொடுப்பார்கள். இதை வேதியியல் கண்ணாடி போட்டுப் பாருங்கள். பச்சை இலையில் டி.எச்.சி. பெரும்பாலும் போதை தராத அமில வடிவில்தான் இருக்கிறது. சூடு பட்டால்தான் அது டி.எச்.சி. ஆகிறது. அப்படியென்றால், வறுக்கும் சுத்தி முறை நஞ்சைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? தண்ணீரில் கரையாத பொருளைத் தண்ணீரில் கழுவும்போது எது போகிறது, எது தங்குகிறது?

அனுபானமும் அப்படித்தான். சி.பி.டி. மருந்தை வெறும் வயிற்றில் எடுப்பதைவிடக் கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு எடுத்தால் உடலில் சேரும் அளவு 4 மடங்காகிறது என்று அந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பே சொல்கிறது. பாலும் நெய்யும் சும்மா சேர்க்கப்பட்டவை அல்ல என்று தோன்றுகிறதில்லையா? தோன்றினால் போதாது, அளந்து பார்க்க வேண்டும். பால் மாறினால், நெய்யின் அளவு மாறினால் டோஸும் மாறுகிறதா என்பதற்கு ஆய்வகத்தில் எண் கிடைக்க வேண்டும். ‘முன்னோர்கள் சொன்னார்கள்’ என்பதையும், ‘எல்லாம் மூடநம்பிக்கை’ என்பதையும் ஒரே நேரத்தில் ஓரம் வைக்கக்கூடிய வேலை இது.

அதற்கான இடம் இங்கே தயாராக இருக்கிறது. சித்த மருத்துவ நிறுவனத்தில் குணபாடத்துக்கும் நஞ்சு மருத்துவத்துக்கும் முதுநிலைத் துறைகள் உண்டு, தினமும் நிரம்பி வழியும் ஓ.பி. உண்டு. மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமையிடமும் தாம்பரம் சானடோரியம்தான். பக்கத்திலேயே நெஞ்சக மருத்துவமனை. இப்படி இரண்டு மருத்துவ முறைகளும் ஒரே பஸ் ஸ்டாப்பில் இறங்கும் ஊர் வேறு எங்கே இருக்கிறது?

முதல் ஆய்வுக்குக் கஞ்சாகூட வேண்டாம். ஒரு கணக்கெடுப்பு போதும். இரண்டு மருத்துவமனை ஓ.பி.யிலும் பெயர் கேட்காமல், யார் என்ன எடுத்துக்கொள்கிறார்கள், எங்கே வாங்கினார்கள், டாக்டரிடம் சொன்னார்களா என்று கேட்டாலே பாதி இருட்டு விலகும். அடுத்த கட்டத்துக்குத்தான் மாநில அரசின் அனுமதி, நெறிமுறைக் குழு ஒப்புதல், ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே அளவு இருக்கும் சரக்கு என்று வரிசையாக வேலை இருக்கிறது. சரக்கு எங்கிருந்து என்பது லேசுப்பட்ட கேள்வி இல்லை. இலங்கையில் நீதிமன்றங்கள் பறிமுதல் செய்த கஞ்சாவையே ஆயுர்வேத மருந்துக்குக் கொடுத்துவந்தார்கள். மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்த, எந்த வயலில் விளைந்தது என்றே தெரியாத இலையை வைத்து மருந்தின் அளவை எப்படி நிர்ணயிப்பது? தாம்பரம் ரயிலில் பிடிபடும் மூட்டைக்கும் இதே பதில்தான்.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபினோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை, முதியவர்களின் தூக்கம், மற்ற மாத்திரைகளோடு மோதல் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. ஆனால் இரண்டு தரப்பு டாக்டர்களும் ஒரே வகுப்பில் உட்காரும் ஒரு நாள் பயிற்சியை நாளைக்கே தொடங்கலாம். சித்த டாக்டர் சுத்தி முறையைச் சொல்லட்டும், நெஞ்சக டாக்டர் ரிஃபாம்பிசினைச் சொல்லட்டும்.

வீட்டில் குப்பி இருந்தால்...

அதுவரைக்கும் குரோம்பேட்டை அம்மா என்ன செய்வது? மறைக்க வேண்டாம். நோயாளி சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது டாக்டரின் கடமை. பழக்கத்துக்கு அடிமையாகி, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு, சிறிய அளவு சார்ந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு தர 1985 சட்டத்திலேயே 64-ஏ என்ற பிரிவு உண்டு. குடும்பத்தில் யாராவது பழக்கத்திலிருந்து மீள வேண்டுமென்றால் 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது பெயரை மட்டும் சொன்னால் போதாது, குப்பியையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். உரிம எண், தொகுதி எண், ஒரு சொட்டில் எத்தனை மில்லிகிராம், மருத்துவக் கண்காணிப்பு எச்சரிக்கை இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். கூடவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையும் வேண்டும். எண்ணெய் ஆரம்பித்த பிறகு படபடப்பு, தள்ளாட்டம், மஞ்சள் காமாலை, புரியாத பேச்சு என்று எது வந்தாலும் தேதியைக் குறித்துவையுங்கள். மருந்துகளின் பக்க விளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களும் பேசலாம். சித்த, ஆயுர்வேத மருந்துகளின் பக்க விளைவைப் பதிவு செய்யத் தனி ஏற்பாடு இருக்கிறது. அதன் மையங்களில் ஒன்று சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரத்திலேயே, அந்தச் சித்த மருத்துவமனை வளாகத்தில்.